மூன்று மீட்டர் கருணை

உலகத்திலேயே அதிகமாக ‘நல்லது’ செய்யப்பட்ட வட்டாரம் எது என்று ஒரு போட்டி வைத்தால், மும்பையின் கோவண்டி நேராக ஃபைனலுக்குப் போய்விடும். 1927-இல் நகரத்துக் குப்பையைக் கொட்ட ஓர் இடம் வேண்டியிருந்தது. ஒட்டியிருக்கும் தேவ்னாரைக் கொடுத்தார்கள். 1971-இல் பாந்த்ராவிலிருந்த ஆடுமாடு வெட்டும் கூடத்தை இடம் மாற்ற வேண்டியிருந்தது, அதற்கும் தேவ்னார்தான். தென் மும்பை நடைபாதையில் படுத்திருந்து பெரிய மனிதர்களின் கண்ணை உறுத்தியவர்களையும் லாரியில் ஏற்றி இந்தப் பக்கம்தான் அனுப்பினார்கள். நகரத்துக்கு எதெல்லாம் வேண்டாமோ அதெல்லாம் கோவண்டிக்கு வேண்டும் என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். கோவண்டியைக் கேட்டதாகத் தகவல் இல்லை.

இந்தச் சோகத்தை ஆராயவும் ஏற்பாடு உண்டு. நாட்டின் புகழ்பெற்ற டாட்டா சமூக அறிவியல் கழகம் இதே வார்டில், தேவ்னாரில், மரநிழலோடு இருக்கிறது. நல்ல ஆராய்ச்சியாளர்கள், நல்ல மனிதர்கள். 2009-இல் வந்த மும்பை மனித மேம்பாட்டு அறிக்கையில் நகரத்திலேயே கடைசி மதிப்பெண் வாங்கிய வார்டு எது என்று நினைக்கிறீர்கள்? கோவண்டியும் தேவ்னாரும் இருக்கும் இதே எம்-கிழக்குதான். விளக்கடி இருட்டு என்பார்களே, அதற்கு இங்கே பின்கோடே உண்டு.

இங்கே வந்து இறங்கிய நல்லதுகளில் ரொம்ப சுவாரசியமானது கட்டடம். பணம் ஒரு கண்டத்திலிருந்து வரும், பாலிசி இன்னொரு கண்டத்திலிருந்து வரும், பிளான் ஏ.சி. ரூமிலிருந்து வரும். குடியிருக்கப் போகிறவர் மட்டும்தான் லோக்கல். அவரிடம் கடைசியில் ஒரு கையெழுத்து கேட்பார்கள். பல சமயம் கைநாட்டு.

இந்தப் பரம்பரைக்கு ஒரு மூலவர் உண்டு: சர் ஜார்ஜ் லாய்ட். 1918 முதல் 1923 வரை பம்பாய் கவர்னர். தன்னைப்பற்றி மிக நல்ல அபிப்பிராயம் வைத்திருந்தவர். சிந்துவில் கட்டிய அணைக்கு லாய்ட் பெயர். பம்பாய்க் கடலைத் தூர்க்க வந்த மண்வாரிக் கப்பலுக்கும் ‘சர் ஜார்ஜ் லாய்ட்’ என்றே பெயர். அந்தக் கப்பல் நினைத்தபடி மண்ணை வாரவில்லை. ஆகவே பாக் பே கடல்தூர்ப்புத் திட்டத்துக்கு ஊரே ‘லாய்டின் முட்டாள்தனம்’ என்று இன்னொரு பெயர் வைத்தது. அவர் பெயரில் மக்கள் விரும்பி வைத்த ஒரே நினைவுச்சின்னம் அதுதான்.

லாய்டுக்கு இன்னொரு கனவும் இருந்தது: மில் தொழிலாளர்களுக்கு 50,000 கோலிகள். (பம்பாயில் பிறந்த தமிழருக்குக் கோலி என்றால் விளையாடுகிற குண்டு அல்ல, ஒற்றை அறை வீடு.) இதற்கென்று பஞ்சு மூட்டைக்கு மூட்டை வரி போட்டார்கள். சுமார் 160 சதுர அடி அறைகள், வரிசை வரிசையாக, அந்தக் காலத்தின் லேட்டஸ்ட் சரக்கான காங்கிரீட்டில். எளிதில் இடியாது, எளிதில் எரியாது, எலியும் துளைக்க முடியாது. எலி மட்டுமா? பல அறைகளுக்கு வாடகைக்கு வர மனிதனும் சம்மதிக்கவில்லை.

வாடகை அதிகம். மில்லுக்குத் தூரம். 50,000 என்று தொடங்கியது 16 ஆயிரத்துச் சொச்சத்தில் நின்றது. அதிலும் ஆயிரக்கணக்கான அறைகள் காலி. கட்டிவைத்ததை என்னதான் செய்வது? 1930-இல் சட்டமறுப்பு இயக்கம் வந்தது. வர்லியில் இப்படிக் கட்டிய சால்களை, அதாவது கோலி அடுக்குகளை, அரசாங்கம் தற்காலிக ஜெயிலாக்கியது. பிளானில் பெரிய மாற்றம் தேவைப்பட்டதாகத் தகவல் இல்லை. ஏழைக்கு வீடு என்று கட்டியது கைதிக்கு அத்தனை கச்சிதமாகப் பொருந்தினால், ஆர்க்கிடெக்டை நாம் பாராட்டுவதா, விசாரிப்பதா?

வெள்ளைக்காரர்கள் போனார்கள். டாலர்காரர்கள் வந்தார்கள். 1968-இல் உலக வங்கிக்குத் தலைவரானவர் ராபர்ட் மக்நமாரா. அதற்கு முன் அமெரிக்காவின் பாதுகாப்பு மந்திரி, அதற்கும் முன் ஃபோர்டு கம்பெனியின் தலைவர். எதையும் எண்ணிப் பார்த்தால் புரிந்துவிடும் என்று நம்பியவர். வியட்நாமில் பிணங்களைக்கூட எண்ணச் சொல்லிப் பார்த்தார். கணக்கு அழகாக வந்தது, போர்தான் சரியாக வரவில்லை. இனி ஏழைகளை எண்ணலாம் என்று வாஷிங்டனிலேயே வேறு ஆபீசுக்கு மாறினார்.

எண்ணிப் பார்த்ததில் ஒன்று தெரிந்தது. உலகத்தில் ஏழைகள் அதிகம், காசு குறைவு. எல்லோருக்கும் வீடு கட்டிக் கொடுத்தால் பாங்க் திவாலாகிவிடும். சரியாக அந்த நேரத்தில் கையில் கிடைத்தது, ஜான் டர்னர் என்ற ஆங்கிலேய ஆர்க்கிடெக்ட் சொல்லிக்கொண்டிருந்த ஒரு யோசனை. இவர் 1957-இல் பெரு நாட்டுக்குப் போனவர், குடிசைவாசிகளுக்கு வீடு கட்டச் சொல்லிக்கொடுக்க. போய்ப் பார்த்தால், அவர்கள் இவரைவிட நன்றாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வந்த வாத்தியார் நைசாகக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நோட்ஸ் எடுத்தார். எட்டு வருஷம்.

டர்னரின் நோட்ஸைப் படித்த பாங்க் இப்படிப் புரிந்துகொண்டது: “மனையைப் பிரித்துக் கொடு, ரோடு போடு, குழாய் வை, கக்கூசுக்கு இடம் காட்டு, கிளம்பு. வீட்டை அவனே கட்டிக்கொள்வான்.” 1972-இல் செனகல் நாட்டில் தொடங்கிய திட்டம், 1977-இல் நம்ம மெட்ராசுக்கு வந்தது.

அப்போது மெட்ராஸில் நிலைமை வேறு. 1970-இல் கலைஞர் ஆட்சியில் பிறந்த குடிசை மாற்று வாரியம் அடுக்குமாடி கட்டிக்கொண்டிருந்தது. குடிசை போய் மாடி வந்தால் அதை எங்கிருந்தும் பார்க்கலாம். மேலே கட்சிக்கொடி நட்டால் இன்னும் தூரத்திலிருந்து பார்க்கலாம். பாங்க்காரர்கள் வந்து, “இது கட்டுப்படியாகாது, வெறும் மனை கொடுங்கள்” என்றார்கள். வெறும் மனையில் எந்த மந்திரி ரிப்பன் வெட்டுவார்? கொஞ்சம் இழுபறிக்குப் பிறகு டாலர் ஜெயித்தது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் என்று மனைகள் பிரிந்தன. மெயின் ரோட்டோரப் பெரிய மனையை வசதியானவருக்கு மார்க்கெட் விலைக்கு விற்று, அந்த லாபத்தில் உள்ளே ஏழைக்குச் சின்ன மனை. பாங்கின் சாதனைகளிலேயே கண்ணுக்குத் தெரியாத சாதனை இதுதான். கட்டடமே கட்டவில்லையே!

பம்பாய்க்கு இதே சரக்கு 1985-இல் வந்தது. சார்கோப், கோராய் என்று மேற்குப் புறநகரில் சதுப்பை ஒட்டி மனைகள். கோவண்டி? கோவண்டி எந்த டாலருக்காகவும் காத்திருக்கவில்லை. 1970-களிலேயே மாநகராட்சி சிவாஜி நகரில் 10-க்கு 15 அடி என்று கோடு கிழித்து, அப்புறப்படுத்தியவர்களைக் கொண்டுவந்து விட்டிருந்தது. 10-க்கு 15 என்றால் 150 சதுர அடி. லாய்ட் துரையின் கோலியைவிடவும் பத்து அடி குறைச்சல். ஆனால் மேலே ஆகாயம் ஃப்ரீ.

அந்த ஒரு வித்தியாசத்தைச் சிவாஜி நகர்க்காரர்கள் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதைப் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். முதலில் தகரம். சம்பளம் வந்ததும் செங்கல். தீபாவளி போனஸில் தளம். பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் மேலே மாளா என்கிற மேலறை. மாளாவுக்குப் படி வெளியே, செங்குத்தான இரும்பு ஏணி, பிடித்துக்கொள்ள ஒரு கயிறு. ஏன் வெளியே? உள்ளே வைத்தால் நாலடி போய்விடும். வெளியே வைத்தால் மேலறையை வாடகைக்கு விடலாம். கீழே ஜரி வேலை, மேலே குடித்தனம், வாசல் மோரியில் பாத்திரம், ஓட்டின்மேல் காயும் துணி. ஐ.ஐ.டி.க்காரர்கள் ‘மிக்ஸ்டு யூஸ்’ என்று பாடம் நடத்தும் சமாச்சாரத்தைத் தேக்கேதார் என்கிற லோக்கல் மேஸ்திரி டேப்பும் சாந்துக்கரண்டியும் வைத்து முடித்துவிட்டார். டிராயிங்கெல்லாம் அவர் தலைக்குள். ஃபீஸ், கட்டி முடித்தபின் நச்சரித்து வாங்க வேண்டியது.

மாநகராட்சிக்கு இது பொறுக்குமா? குடிசைப் பகுதி வீடு 14 அடிக்கு மேல் போகக்கூடாது என்று ஒரு விதி வைத்தது. இந்தப் பதினாலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும்.

இப்போது நம்ம ஆள் ஒருவர் மேடைக்கு வர வேண்டும். ஜோக்கின் அற்புதம். கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர். 1960-களில் பம்பாய்க்கு வந்து, டிராம்பேயை ஒட்டிய ஜனதா காலனியில் ஒதுங்கினார். காலனிக் குப்பையை அள்ள மாநகராட்சி வரவில்லை. அவர் பிற்பாடு சொன்ன கதைப்படி, பிள்ளைகளை எல்லாம் ‘பிக்னிக்’ என்று கூட்டினார். ஆளுக்கொரு பொட்டலம் குப்பை. ஊர்வலமாகப் போய் மாநகராட்சி அலுவலக வாசலில் வைத்துவிட்டு வந்தார்கள். டோர் டெலிவரி என்பதை அமேசான் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

அந்த ஜனதா காலனியை அணுசக்தித் துறை கேட்டது. கோர்ட், டெல்லி என்று ஜோக்கின் அலைந்தார். எமர்ஜென்சி வந்தது, கேள்வி கேட்பது நின்றது. 1976 மே மாதம் சுமார் 70,000 பேரைக் கிளப்பி சீத்தா கேம்ப்புக்கு அனுப்பினார்கள். அணுவைப் பிளக்கத் தெரிந்த விஞ்ஞானிகளுக்கு, பக்கத்தில் ஏழைகளோடு சேர்ந்திருக்க மட்டும் ஃபார்முலா கிடைக்கவில்லை.

1984-இல் ஷீலா படேலும் சில தோழிகளும் ஸ்பார்க் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அவர்களோடு ஜோக்கினின் குடிசைவாசிகள் கூட்டமைப்பு சேர்ந்தது. பைக்குலா நடைபாதைப் பெண்களின் மகிளா மிலனும் சேர்ந்தது. இந்தப் பெண்களிடம்தான் முதல் முறையாக யாரோ ஒருவர் கேட்டார்: “உங்களுக்கு எப்படிப்பட்ட வீடு வேண்டும்?” லாய்டுக்கும் மக்நமாராவுக்கும் தோன்றாத அபூர்வக் கேள்வி. செலவும் இல்லாதது.

பதில் சொல்ல அவர்களிடம் ஸ்கேல் இல்லை. கட்டியிருந்த சேலை இருந்தது. சேலையைப் பிடித்து நீளம் அளந்தார்கள், உயரம் அளந்தார்கள், துணியைக் கட்டி மாடல் வீடு நிறுத்திப் பார்த்தார்கள். கிடைத்த முடிவு: அறை சின்னதாக இருக்கட்டும், ஆனால் கூரை 14 அடி உயரத்தில் வேண்டும். பாதி உயரத்தில் மாளா போட்டால் ஒரே கோலி இரண்டாகிவிடும். தரையும் அரைவாசி கூடும். கான்பூரிலோ கேம்பிரிட்ஜிலோ படிக்காமலே நிலத்தின் விலையை உயரத்தில் ஏமாற்றும் வித்தை. மாநகராட்சி எதை உச்சவரம்பு என்று தடுத்ததோ, இவர்கள் அதையே டிசைன் ஆக்கிவிட்டார்கள். தாராவியில் இதே ஸ்பார்க் கூட்டணி கட்டிய மார்க்கண்டேயா சொசைட்டியில் இந்த 14 அடி நிஜமாகவே எழுந்தது.

அடுத்த அதிர்ச்சி கக்கூஸ். வீட்டுக்குள் வேண்டாம், நாலைந்து குடும்பத்துக்கு ஒன்று வெளியே போதும் என்றார்கள் அந்தப் பெண்கள். உள்ளே வைத்தால் செலவு ஏறும், இருக்கிற இடமும் போகும். அட்டாச்டு பாத்ரூம்தான் மனித நாகரிகத்தின் சிகரம் என்று நம்பியிருந்த படித்தவர்களுக்கு மயக்கமே வந்திருக்கும். ஏழையிடம் அபிப்பிராயம் கேட்பதில் இருக்கும் ஆபத்து இதுதான்: அவர் நிஜமாகவே அபிப்பிராயம் சொல்லிவிடுவார்.

கக்கூஸ் என்றதும் மறுபடி பாங்க் வந்தாக வேண்டும். 1995-இல் பம்பாய்க் கழிவுநீருக்குக் கடன். பெரிய திட்டம்: வர்லியிலும் பாந்த்ராவிலும் கடலுக்கடியில் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் குழாய் போட்டு, கழிவை நடுக்கடலில் விடுவது. பிரமாதம்! ஆனால் ஒரு சின்ன விஷயம். ஊரில் பாதிப் பேர் குடிசையில். அவர்களுக்குக் குழாயே கிடையாது. கடலுக்குள் அவ்வளவு தூரம் போன குழாய், பக்கத்துச் சந்துக்குப் போகவில்லை. சரி, குடிசைகளுக்குப் பொதுக் கழிப்பறையும் திட்டத்தில் சேர்க்கலாம் என்று முடிவானது.

அரசாங்கப் பொதுக் கழிப்பறை எப்படி இருக்கும் என்று உங்களுக்கு வர்ணிக்க வேண்டியதில்லை. தண்ணீர் இருக்காது, கதவு இருக்காது, கியூ மட்டும் இருக்கும். கியூவில் பெரியவர்கள் அவசரத்தில் பிள்ளைகளைத் தள்ளிவிட்டு முன்னால் போவார்கள். தள்ளப்பட்ட பிள்ளை கட்டர் ஓரத்தில் உட்காரும். பெரிய பிளானர்களுக்கு இது ‘திறந்தவெளி மலம் கழிக்கும் பழக்கம்’. பிள்ளைக்கு அது வெறும் கியூ பிரச்சினை.

மகிளா மிலனும் ஸ்பார்க்கும் இந்தப் பிளானை எடுத்துத் திருத்தினார்கள். பிள்ளைகளுக்குத் தனி இடம்: சின்னக் குழி, பிடித்துக்கொள்ளக் கம்பி, இருட்டு இல்லை, பயமுறுத்தும் கதவும் இல்லை. பெண்களுக்குத் தனி வழி, தனிக் கியூ. மேல்மாடியில் பராமரிப்பவரின் குடும்பத்துக்கு அறை. இந்தக் கடைசி ஐட்டத்தில் இருக்கும் சாணக்கியத்தனத்தை ரசியுங்கள். கீழே நாறினால் மேலே யாருக்கு முதலில் தெரியும்? இன்ஸ்பெக்ஷன், மானிட்டரிங், ரிப்போர்ட் எல்லாமே ஒரு மூக்கில் முடிந்தது. இந்தத் திட்டத்தில் பல அமைப்புகள் சேர்ந்து முந்நூறுக்கும் மேற்பட்ட கழிப்பறைக் கட்டடங்களை எழுப்பின.

இந்தக் கூட்டணி ஒரு படி மேலே போய், கக்கூஸுக்குத் திருவிழாவே நடத்தியது. ‘சண்டாஸ் மேளா’ என்று பெயர். அதிகாரிகள் வந்து மாடல் கழிப்பறைகளைச் சுற்றிப் பார்த்து, மெச்சி, கருத்துச் சொல்ல வேண்டும். 2001 ஜூனில் இந்த மேளா நியூயார்க்குக்கே போய்விட்டது. ஐ.நா. சபைக் கட்டடத்தின் லாபியில் முழு அளவில் ஒரு மாடல் வீடும் பிள்ளைகள் கழிப்பறையும். பொதுச் செயலாளர் கோஃபி அன்னான் வந்து பார்வையிட்டார். சுற்றிலும் பெண்கள் பாடி ஆடினார்கள். மன்னர்களும் அதிபர்களும் நடந்த கம்பளத்தில், மும்பை குடிசைப் பிள்ளை உட்காரும் குழியை உலகத்தின் முதல் ராஜதந்திரி குனிந்து பார்த்தார். பிளானைத் திருத்தியவர்களில் பலர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்.

இத்தனை பாடம் படித்த பிறகு, பாங்கும் நகரமும் அடுத்த கட்டடத்தைப் பிரமாதமாகக் கட்டியிருப்பார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் ஆசைப்படுகிறேன்.

2002 ஜூனில் மும்பை நகர்ப்புறப் போக்குவரத்துத் திட்டத்துக்குப் பாங்க் 54.2 கோடி டாலர் ஒப்புக்கொண்டது. ரயில் வேகமாக ஓட வேண்டும். தண்டவாளத்தை ஒட்டி வீடுகள். ரோடு அகலமாக வேண்டும். அதன் மேலும் வீடுகள். மொத்தம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கிளப்ப வேண்டும். எங்கே அனுப்பலாம்? கேட்கணுமா! கோவண்டி, மான்குர்ட், வாஷி நாக்கா. லல்லுபாய் காம்பவுண்ட், நட்வர் பாரேக் காம்பவுண்ட் என்று பெயர்கள் முளைத்தன. குடும்பத்துக்கு 225 சதுர அடி, ஓனர்ஷிப், இலவசம். தண்டவாளத்தோரம் பயந்து வாழ்ந்தவருக்கு ஏழாவது மாடியில் சொந்த ஃபிளாட். நியாயமாகப் பார்த்தால் இது பெரிய விஷயம்தான், மறுக்கக் கூடாது.

செங்கல்லைப் பாங்க் வைக்கவில்லை. இங்கே ஒரு மும்பை மேஜிக் நடந்தது. பில்டர் இங்கே இலவசமாகக் கட்டிக் கொடுப்பார். பதிலுக்கு மேற்குப் புறநகரில் கூடுதல் மாடி கட்டும் உரிமை வாங்கிக்கொள்வார். டி.டி.ஆர். என்று பெயர். எத்தனை ஃபிளாட்டோ அத்தனை உரிமை. ஆகவே இடைவெளி விடுவது வியாபாரத்துக்கு நஷ்டம். சாதாரணக் கட்டடங்களுக்கு இருந்த இடைவெளி விதியை ஏழைகளுக்காகத் ‘தளர்த்தி’னார்கள். கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவே மூன்று மீட்டர். கோவண்டியின் வெயிலைக் கழற்றி எடுத்து, வேறொரு பேட்டையில் பால்கனியாக விற்றார்கள்.

மூன்று மீட்டர் என்றால் எவ்வளவு? நட்வர் பாரேக்கில் இரண்டு பில்டிங்குக்கு நடுவே நின்று பாருங்கள். அண்ணாந்தால் ஆகாயம் ஒரு ரிப்பன். ஏழு மாடிப் பைப்பும் சொட்டுகிறது. எட்டாத உயரத்தில் எதிர்வீட்டுக் குக்கர் விசில் நம் காதிலேயே அடிக்கிறது. எதிர்வீட்டுக்காரர் நம்மைப் பார்க்கிறார் என்று சன்னலைச் சாத்துகிறார்கள். நடுச்சந்தில் குப்பை விழுந்து நாறுகிறது என்று சாத்திய சன்னலுக்குத் திரையும் போடுகிறார்கள். கீழ்மாடிகளில் பகல் பன்னிரண்டு மணிக்கு டியூப்லைட். வந்தவர்கள் முன்பு குடிசை வாசலில் அப்பளம் காய வைத்தவர்கள், பீஸ் வேலை பார்த்தவர்கள், மாளாவை வாடகைக்கு விட்டவர்கள். இந்த 225-இல் மாளா கிடையாது, வாசல் கிடையாது. லிஃப்ட் உண்டு; அதற்குக் கரண்ட் பில்லும் உண்டு.

முதலில் குறை சொல்லக் கிளம்பியவர்கள் கடைக்காரர்கள். குர்லா வியாபாரிகள் 2004-இல் வாஷிங்டனுக்கே புகார் போட்டார்கள்: “பெரிய கடையை இடித்துவிட்டு எல்லோருக்கும் ஒரே 225 அடியா?” புகாரைக் கேட்கப் பாங்க்குக்குள்ளேயே ஒரு விசாரணைக் குழு உண்டு, அதுவும் நம்ம நர்மதா அணைப் போராட்டத்தின் புண்ணியத்தில் 1993-இல் பிறந்தது. குழு 2005 டிசம்பரில் கடுமையாக அறிக்கை கொடுத்தது. 2006 மார்ச்சில் ரோட்டுக்கும் மறுகுடியேற்றத்துக்குமான பணத்தைப் பாங்க் நிறுத்தியது. ஜூனில் மறுபடி திறந்தது.

அப்போது பாங்க் தலைவர் பால் உல்ஃபோவிட்ஸ். இவரும் பென்டகன்காரர்தான், ஈராக் போரின் ஆர்க்கிடெக்ட் என்று பெயர் வாங்கியவர். ஏழைக்கு வீடு தர வேண்டுமென்றால் முதலில் ஒரு போரை நடத்தி எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் வாங்க வேண்டும் போலிருக்கிறது. 2007-இல் இவர் துருக்கியில் ஒரு மசூதிக்குள் போகச் செருப்பைக் கழற்றியபோது, இரண்டு சாக்ஸிலும் ஓட்டை. பெருவிரல்கள் வெளியே எட்டிப் பார்த்த போட்டோ உலகம் சுற்றியது. பாங்கின் தலைவர் கோவண்டி மக்களுக்கு மிக நெருக்கமாக வந்த தருணம் அதுவாகத்தான் இருக்கும்.

இனி கிளைமாக்ஸ். 2018-ஆம் வருஷம் இரண்டு ஆராய்ச்சிகள் வெளிவந்தன. ஒன்று கோவண்டிப் பக்கத்தில் டாக்டர்ஸ் ஃபார் யூ அமைப்பு செய்தது. எம்-கிழக்கின் மூன்று மறுகுடியேற்றக் காலனிகளை ஒப்பிட்டார்கள். நட்வர் பாரேக்கிலும் லல்லுபாயிலும் காசநோய் அதிகம். கட்டடங்கள் தள்ளித்தள்ளி நிற்கும் மூன்றாவது காலனியில் குறைவு. வெயிலும் காற்றும் வராத கீழ்மாடிகளில் நிலைமை மோசம். வீட்டைக் கொடுத்துவிட்டு, மூச்சைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

இரண்டாவது ஆராய்ச்சி, உலக வங்கியின் ஆட்களும் சேர்ந்து செய்தது. பழைய மனைத் திட்டங்கள், அதுதான் அரும்பாக்கம், சார்கோப் வகையறா, என்ன ஆயிற்று என்று போய்ப் பார்த்தார்கள். அந்தத் திட்டங்களைப் பாங்கே 1990-களில் ‘தோல்வி’ என்று ஓரம்கட்டி வைத்திருந்தது: வீடுகள் மெதுவாக எழுகின்றன, ஏழை விற்றுவிட்டுப் போகிறார், மிடில் கிளாஸ் நுழைகிறது என்று. இருபது வருஷம் கழித்துப் போனால் நிழல் மரம், கடைத்தெரு, மாடி மேல் மாடி, ஏழையும் வசதியானவரும் ஒரே தெருவில். கட்டுரையின் தலைப்பே கிட்டத்தட்ட “தோல்வி என்று நாம் நினைத்தது வெற்றியா?” என்கிற மாதிரி. பிள்ளை பரீட்சையில் ஃபெயில் என்று வீட்டைவிட்டுத் துரத்திய அப்பா, அவன் கலெக்டராகி வந்தபிறகு மார்க் ஷீட்டைத் தேடி எடுத்துச் சரிபார்த்த கதை.

ஆக, நூறு வருஷக் கதையைக் கூட்டிக் கழித்தால் ஓர் உண்மை விழுகிறது. உபகாரி கஞ்சத்தனம் பண்ணியபோதெல்லாம் ஏழை நன்றாக இருந்தார். உபகாரி தாராளமாகி முழுக் கட்டடத்தையும் கட்டிக் கொடுத்தபோதெல்லாம் மூச்சு முட்டினார். உதவி கூடாது என்று சொல்லவில்லை. ரோடு, குழாய், பட்டா இவையெல்லாம் ஏழை தனியாகச் செய்துகொள்ள முடியாதவை. அங்கே டாலரோ ரூபாயோ வரட்டும், நன்றி. மாளாவை எங்கே போடுவது என்பது அவருக்கு நம்மைவிட நன்றாகவே தெரியும். அங்கே மட்டும் கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டால் போதும்.

நட்வர் பாரேக்குக்கு மறுபடியும் வெளிநாட்டுக் காசு வந்தது. 2023 பிப்ரவரியில் கோவண்டி கலைத் திருவிழா. பிரிட்டிஷ் கவுன்சில் ஆதரவு. காலனியில் ஏற்கெனவே வேலை செய்துவந்த கம்யூனிட்டி டிசைன் ஏஜென்சி, பிள்ளைகளையும் பெண்களையும் கேட்டுக் கேட்டே நடுச்சந்துகளைச் சுத்தம் செய்து, வண்ணம் பூசி, ஒரு நூலகமும் திறந்திருந்தது. லாய்ட் துரையின் தேசத்திலிருந்து வந்தவர்கள் இந்தத் தடவை பிள்ளைகளோடு உட்கார்ந்து காகித விளக்கு செய்தார்கள். நூறு வருஷத்தில் நல்ல முன்னேற்றம். வெயில்தான் இன்னும் வரவில்லை. காங்கிரீட்டை வண்ணம் பூசி நகர்த்த முடியாதே.

இதையெல்லாம் இப்போது எதற்குச் சொல்கிறேன் என்றால், தாராவிக்காரர்களே, அடுத்த பஸ் உங்களுக்கு. தேவ்னார் குப்பைமேட்டில் சுமார் 125 ஏக்கரைத் தாராவி மறுசீரமைப்புக்குக் கொடுக்க மகாராஷ்டிர அமைச்சரவை 2024 அக்டோபரில் ஒப்புதல் தந்துவிட்டது. தாராவிக்குள்ளேயே வீடு பெறத் ‘தகுதியில்லை’ என்று கணக்கெடுப்பில் விழுபவர்களுக்குத்தான் இதுபோன்ற இடங்கள். மாளாவில் வாடகைக்கு இருப்பவர் பெரும்பாலும் அந்தப் பட்டியலில்தான் வருவார்.

வழவழப்பான காகிதத்தில் பிளான் காட்டுவார்கள். பச்சை மரம், சைக்கிளில் சிரிக்கும் குழந்தை எல்லாம் அதில் இருக்கும். அதைப் பார்க்காதீர்கள். ஒரு டேப் எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போங்கள். இரண்டே கேள்வி. டிசம்பர் மாதம் தரைத்தளத்தில் எத்தனை மணிக்கு வெயில் விழும்? எங்கள் பில்டிங்குக்கும் பக்கத்துப் பில்டிங்குக்கும் நடுவே எத்தனை அடி? பத்தடி என்று பதில் வந்தால், கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிடுங்கள்.